சிவப்புப் புள்ளி வைத்த ரேம்

ஒரு பக்கத்துக் கிளிப் மட்டும் விழ மறுத்தது.

பாரிமா இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தினான். திறந்து கிடந்த சிபியுவுக்குள் கை மணிக்கட்டுவரை போயிருந்தது. தகர விளிம்பு தோலைக் கீறியது. ஹர்மட்டான் காற்று பல வருஷமாகக் கொண்டுவந்து சேர்த்த செம்மண் தூசி உள்ளேயிருந்து கிளம்பி மூக்கில் ஏறியது. இடப்பக்கம் 'டக்'கென்று விழுந்துவிட்டது. வலப்பக்கம் விழவில்லை. மணி இரண்டு. நான்கு மணிக்கு மச்சான் அம்போன்சா வருவார். அதற்குள் போஸ்டர் அச்சாகியிருக்க வேண்டும்.

"மெதுவாண்ணே. உடைச்சீங்கன்னா பாந்தாமா முழுக்க அலைஞ்சாலும் இந்த மாடல் ரேம் கிடைக்காது" என்றான் அடோமாகோ, வாசல் நிலையில் சாய்ந்தபடி. எதிர்ச்சாரியில் மேஜை போட்டுப் பழைய பாகங்கள் விற்கிறவன். "எத்தனை தடவை சொன்னேன், இதைத் தலைமுழுகுங்கன்னு. இது கம்ப்யூட்டர் இல்ல, பென்ஷன் வாங்க வேண்டிய கிழம்."

"நீ சும்மா இரு."

பாரிமா ரேமை வெளியே எடுத்தான். பென்சில் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்தான். தூசியை ஊதிவிட்டு வெளிச்சத்தில் திருப்பியபோதுதான் அதைப் பார்த்தான்.

மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. நெயில் பாலிஷ்.

வேலை செய்கிற ரேமுக்குச் சிவப்புப் புள்ளி. செத்த ரேமுக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடையில் அப்படிக் குறி வைத்துப் பழக்கியவள் ஒருத்திதான்.

"இதை எங்கே பிடிச்சே?"

"ஏண்ணே? டெஸ்ட் பண்ணித்தானே கொடுத்தேன்."

"எங்கேன்னு கேட்டேன்."

"சாக்கடை தூர் வாரினவங்க காலையில கொண்டாந்தாங்க. ஸ்பிரிட் போட்டுக் கழுவிட்டேன். மூக்கைப் பொத்திக்கிட்டு மாட்டுங்க, இதுவும் குளிச்சு ரொம்ப நாளாச்சு..." சிரிக்க ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தினான். "மன்னிச்சுக்கங்கண்ணே. இந்த வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு... என் வாயை ஆணி வச்சு அடிக்கணும்."

ஆறு நாளுக்கு முன், ஆஸ்பத்திரியிலிருந்து மகளின் துணிப்பையோடு திரும்பி வந்த மாலையில், இதே சிபியுவைத் திறந்து இதே ரேமைப் பிடுங்கி, கடைக்கு முன்னால் ஓடும் சாக்கடையில் எறிந்தவன் பாரிமாதான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

"ஃபைலை ஒரு பென்டிரைவ்ல போட்டுக் கொடுங்களேன். நான் அரை மணியில முடிச்சுத் தர்றேன்."

"வேண்டாம்."

கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது அந்தச் சொல். அடோமாகோ அதைத் தகப்பனின் துக்கமாக எடுத்துக்கொண்டான். அதுவும் பொய்யில்லை. பிள்ளைகள் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். பந்தல், நாள், நாற்காலி, பாட்டுக் கோஷ்டி எல்லாம் மச்சான் அம்போன்சாவின் முடிவு. பெற்றவனுக்கு என்று எஞ்சியிருப்பது சவப்பெட்டி வாங்குவது ஒன்றுதான். இருபது வருஷமாக ஊரார் சாவுக்கெல்லாம் போஸ்டர் அடித்தவன், மகளின் போஸ்டரையாவது தன் கையால் அடிக்க வேண்டும் என்று கெஞ்சி வாங்கியிருந்தான். நாளைக்கு ஒரு வாரத் துக்கம். இன்று பொழுது சாய்வதற்குள் தெருச் சுவர்களில் அவள் முகம் ஏற வேண்டும். ஆனால் அந்த ரேமைப் பிடுங்கியதிலிருந்து கிழட்டு மெஷின் பெரிய படத்தைத் திறந்தாலே மூச்சுத் திணறி நின்றுபோனது.

வேறு வழியில்லை.

தகரத்தைத் தொட்டுக் கையிலிருந்த மின்சாரத்தை இறக்கினான். ரேமை நேராகப் பிடித்தான். அழுத்தினான்.

டக். டக்.

இந்த முறை இரண்டும் ஒன்றாக விழுந்தன. எளிதாக. வீட்டுக்குத் திரும்பி வந்தது மாதிரி.

விசையை அழுத்தினான். மின்விசிறி இருமிக்கொண்டு சுழன்றது. கருப்புத் திரையில் எண்கள் ஏறின. 1024. 1536. 2048. ஒரே ஒரு 'பீப்'. போஸ்டர் ஃபைல் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. கருப்பும் சிவப்புமாகக் கரை. மேலே பெரிய எழுத்தில் 'என்ன ஒரு அதிர்ச்சி!' வயதாகிப் போனவர்களுக்கு 'மகிமைக்கு அழைப்பு' என்று போடுவான். சின்ன உயிருக்கு இதுதான். நடுவில் முட்டை வடிவ வளையம், காலியாக.

"கோழி எங்கண்ணே?" என்றான் அடோமாகோ.

போஸ்டர்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. புது வடிவம் செய்யும்போது வளையத்தின் அளவு சரிதானா என்று பார்க்க ஒரு படம் வேண்டும். உயிரோடு இருக்கிற ஆளின் முகத்தை மட்டும் அங்கே வைக்கக் கூடாது. பாரிமா கடையில் எப்போதும் ஒரு கொண்டைச் சேவலின் படம் இருக்கும். குடும்பத்தார் போட்டோ கொண்டுவரும்வரை சேவல் அந்த வளையத்திலிருந்து உலகத்தை முறைத்துக்கொண்டிருக்கும்.

"பழைய ஹார்ட் டிஸ்க்கோட போயிடுச்சு."

"அப்ப எதை வச்சு அளவு பார்த்தீங்க?"

"உன் மேஜையை யாரோ கிளறுறாங்க பாரு."

அடோமாகோ பதறிக்கொண்டு ஓடினான்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இளைய மகள் காக்ராவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கால்மிதி மெஷின். கடகடகடகட. சற்று நிற்கும். துணி திரும்பும். மறுபடி கடகடகட. நாளைக்கு உடுத்தத் துக்கத் துணி தைக்கிறாள். தாய்வீட்டார் கூடியிருக்கும் பெரிய வீட்டில் அம்மாவோடு இருக்கச் சொன்னார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் தன் முகத்தைப் பார்த்துத்தான் அழுகிறார்கள் என்று திரும்பி வந்துவிட்டாள். ஒரே அச்சில் வார்த்த முகம் அல்லவா. போய்விட்ட மூத்தவள் பானின், பன்னிரண்டு நிமிஷம் கழித்து வந்தவள் காக்ரா. பெற்றவளே குழம்புவாள். ஒரே ஒரு அடையாளம்தான். காக்ராவின் இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு. ஆறு வயதில் கிழங்கு இடித்து ஃபுஃபூ செய்யும் உரலில் போய் விழுந்தது.

"நீ தைச்சுக்கிட்டே இரு" என்று காலையில் சொல்லியிருந்தான். "சத்தம் கேட்டாப் போதும் எனக்கு."

பானினின் பள்ளிப் படத்தை வளையத்துக்குள் இழுத்து வைத்தான். சாம்பல் சீருடை, சிரிக்காத முகம். பெயர் அடித்தான். வயது பத்தொன்பது. தகப்பன் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை அடிக்கும்போது விரல்கள் ஒத்துழைக்கவில்லை. மூன்று தடவை பிழை. மூன்று தடவை அழித்தான். சேமித்தான். பிறகு ஒருமுறை, பயத்தில் இன்னொரு முறையும் சேமித்தான்.

பிரிண்டர் விசையில் கை போனபோது திரை அணைந்தது.

தெரு முழுக்க ஒரே நேரத்தில் "ஓ..." என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. டம்சோர். கரண்ட் போகும், வரும், யாரும் காரணம் கேட்பதில்லை. யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது. மீன்கடை ஜெனரேட்டர் எங்கோ உறுமியது. ஹர்மட்டான் தூசிக்குப் பின்னால் சூரியன் வெளிறிய தட்டாகத் தொங்கியது. கடைக்குள் வந்த வெளிச்சத்துக்கு நிறமே இல்லை.

கடகடகட. கால்மிதி மெஷினுக்குக் கரண்ட் வேண்டாம்.

இருட்டும் இல்லாத, பகலும் இல்லாத அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது மெல்ல ஒரு வாசனை வந்தது. ஷியா வெண்ணெய். ஹர்மட்டான் மாதங்களில் ஊரே உதட்டில் தடவுவதுதான். ஆனால் இதில் ஆரஞ்சுத் தோல் கலந்திருந்தது. வெண்ணெய் டப்பாவில் காய்ந்த ஆரஞ்சுத் தோலைப் போட்டுவைப்பவள் பானின் மட்டும்தான்.

துணிப்பையில் ஒட்டியிருந்ததாக இருக்கும். பை இங்கே இல்லை. பெரிய வீட்டில் இருக்கிறது.

பத்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது. மின்விசிறி இருமியது. 1024. 1536. 2048. எண் நின்றது. பிறகு, யாரோ தயங்கி ஓரடி பின்னால் வைத்ததுபோல, 2047.

ஃபைல் திறந்தது.

பெயர் இல்லை. வயது இல்லை. அவன் மூன்று தடவை திருத்தி அடித்த தன் பெயரும் இல்லை. எல்லா வரிகளிலும் 'இங்கே பெயர்', 'இங்கே தேதி' என்ற பழைய எழுத்து. வளையத்துக்குள் சாம்பல் சீருடை இல்லை. சிவப்புச் சட்டை போட்ட பானின் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

இந்தப் படம் எப்படி வந்தது? ஆறு நாளுக்கு முன்பே அழித்துவிட்டானே. படத்தை, அதன் நகலை, அச்சடித்த தாளை, எல்லாவற்றையும். ரேமுக்கு மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவு. அணைந்தால் துடைத்த பலகை. இருபது வருஷத் தொழிலில் அவன் சத்தியம் செய்து சொல்லக்கூடிய ஒரே விஷயம் அது. தெரிந்திருந்தும் அன்றைக்குப் பிடுங்கி எறிந்தான். ஏனென்றால் அந்த மத்தியானம் இந்த ரேமுக்குள்தான் நடந்தது.

புது வடிவம். சேவல் படம் இல்லை. அவசரம். பானின் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அளவு பார்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது. ஐந்து நிமிஷத்துக்குத்தானே. சாவு வளையத்துக்குள் மகளின் உயிருள்ள முகம். ஒரு தாள் அச்சடித்தும் பார்த்தான். "அழகா இருக்கேனாப்பா?" என்று அவள் சிரித்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்தார்கள்.

இதை மனைவியிடம் சொல்லவில்லை. மச்சானிடம் சொல்லவில்லை. வேறு யாராவது இந்த மெஷினில் உட்கார்ந்து, சாவுக்கு முன்பே அவள் முகம் வளையத்தில் ஏறிய அந்தத் தேதியைப் பார்த்தால்...

டப். சரக்.

நிமிர்ந்தான்.

டப். சரக். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் உள்ள நடையில். தகப்பனின் பெரிய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பானின் ஒரு காலை இழுத்து நடக்கிற சத்தம்.

போன் அலறியது. எடுத்தான்.

"மாப்பிள்ளை, நீ ஏதாவது ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினியா?" மச்சான் அம்போன்சா. எப்போதும் அதட்டுகிற குரல் இன்று தாழ்ந்திருந்தது.

"இல்லையே மச்சான். ஏன்?"

"பிணக்கிடங்குல நிக்கிறேன். உடுத்துற துணி கொடுக்கலாம்னு வந்தேன். இவன் ரிஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்க்குறான், அப்படி ஒரு பேரே இல்லங்கிறான். நானே கையெழுத்துப் போட்டேன்யா அன்னிக்கு! அந்த வரி காலியா இருக்கு."

"ஐஸ் பெட்டியில..."

"பெட்டியும் காலி. நம்பர் மாத்தி வச்சிருப்பான், தூங்குமூஞ்சி. தேடச் சொல்லியிருக்கேன். தங்கச்சி காதுல போட்டுறாதே, தாங்க மாட்டா. நீ போஸ்டரை முடி."

போன் அணைந்த பிறகும் காதில் வைத்திருந்தான். வரி காலி. பெட்டி காலி. திரையிலும் பெயர் இருந்த இடம் காலி.

எல்லாம் ஒரு படி பின்னால் போயிருக்கிறது.

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தான். பயமில்லை. பயத்தைவிடக் கொடியது. ஆசை.

திரைச்சீலை விலகியது. உயிர் போய் வந்தது அவனுக்கு. காக்ரா. இடது புருவத்தில் தழும்பு. கையில் சோளமாவுக் கென்கே உருண்டை வைத்த தட்டு.

"அப்பா, நீ இப்பத் தும்மினியா?"

"இல்லையே."

"மூணு தும்மல் கேட்டுச்சு. வரிசையா." தட்டை வைத்தாள். "மூணா வரிசையாத் தும்முறது யாருன்னு உனக்கே தெரியும்."

"தூசிம்மா. தெருவே தும்முது."

"செருப்புச் சத்தமும் தெருவா?"

அவளும் கேட்டிருக்கிறாள். அவன் காதின் பிரமையில்லை அது. உள்ளுக்குள் எழுந்து உட்கார்ந்த ஆசை இன்னும் நிமிர்ந்தது.

காக்ரா தரையில் சப்பணமிட்டு, வலது பாதத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டாள். "கால் மரத்துப் போச்சுப்பா. கரண்ட் வந்ததிலேருந்து. மிதிக்கிறேன், மிதி எங்க இருக்குன்னே தெரியல. குளிருது வேற."

"கொஞ்சம் படு."

"மாட்டேன். படுத்தா அவ பக்கம் காலியா இருக்கு." பிறகு தலையைச் சாய்த்து, சிறுபிள்ளையாக, "நீ இங்கேயே இருப்பேதானே?" என்றாள்.

"இங்கேதான் இருக்கேன். போய்த் தை. சத்தம் கேட்டாப் போதும்."

எழுந்து நிற்க அவளுக்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. திரையை அவள் பார்க்காதபடி பாரிமா முதுகால் மறைத்துக்கொண்டான். போகும்போது சொன்னாள்: "அக்கா படத்தை நல்லதாப் போடுப்பா. சிரிக்கிற படம். சீருடையில அவ போலீஸ்காரி மாதிரி இருப்பா."

கடகட. கட. கடகட. முன்னைப்போல இல்லை. தடுக்கித் தடுக்கி ஓடியது.

மணி மூன்று நாற்பது.

வளையத்துக்குள் பானின் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் வரியில் பெயர் இல்லை. பிரிண்டர் தயாராக இருந்தது. பெயரை மறுபடி அடித்து அச்சு கொடுத்தால் ஐந்து நிமிஷம். மச்சான் வருவார், சுவரில் ஒட்டுவார்கள், ரிஜிஸ்டரில் அந்த வரி மறுபடி தென்படும், பெட்டியில் அவள் மறுபடி கிடப்பாள். எல்லாம் சரியாகிவிடும்.

எல்லாம் சரியாகிவிடும்.

விசைப்பலகைமேல் விரல்களை வைத்தான். அடிக்கவில்லை. எடுக்கவும் இல்லை.

நடையில் செருப்பு மறுபடி கேட்டது. இன்னும் கிட்டத்தில். டப். சரக். பலகைச் சுவருக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆரஞ்சுத் தோல் மணம் நாக்கில் கசந்தது. ஆறு நாளாக அவன் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. இப்போது கண்ணீர் கீபோர்டில் விழுந்தது.

"பானின்?" என்றான், உதடு மட்டும் அசைய.

செருப்பு நின்றது. கேட்டுக்கொண்டிருப்பது போல.

வரவில்லை. வர முடியவில்லை. வளையத்துக்குள் இருக்கும்வரை அவள் வர முடியாது. அதற்கு முந்தைய நிமிஷத்துக்குப் போக வேண்டும். அவள் முகம் அந்த வளையத்துக்குள் விழாத நிமிஷம். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டு நின்ற நிமிஷம்.

ஒரு படி. இன்னும் ஒரே ஒரு படி.

டம்சோருக்காகக் காத்திருக்க முடியாது.

கையை மேஜைக்குப் பின்னால் விட்டான். சுவர் விசை. அணைத்தான். மின்விசிறி முனகி ஓய்ந்தது. பத்து எண்ணினான். சுவருக்கு அந்தப் பக்கம் கட... கட... கட.

போட்டான்.

எண்கள் ஏறவில்லை. இறங்கின. 2048. 1536. 1024. 512. வேகமாக. 64. 8. 1.

பீப்.

கட.

ஃபைல் தானாகத் திறந்தது. வளையத்துக்குள் படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக, ஈரச் சுவரில் கறை இறங்குவதுபோல இறங்க ஆரம்பித்தது. பின்னல். நெற்றி.

தையல் மெஷின் நின்றது.

துணி திருப்புகிறாள். இப்போது ஓடும்.

ஓடவில்லை.

"காக்ரா."

பதில் இல்லை.

"காக்ரா!"

டப். சரக். டப். சரக். நடையில். வாசலில். திரைச்சீலைக்குக் கீழே அவனுடைய பெரிய ரப்பர் செருப்பு. அதற்குள் சிறிய கால்விரல்கள். நகங்களில் சிவப்பு.

திரைச்சீலை விலகியது.

பாதி தைத்த கருப்பு சிவப்புத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஊசி இன்னும் நூலில் தொங்கியது. மூன்று முறை தும்மினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். இரண்டு புருவமும் வழவழப்பாக, முழுசாக இருந்தன.

"அப்பா, மெஷின்ல இந்தத் துணி பாதியில நிக்குது. இவ எங்க போனா?" துணியை விரித்துப் பார்த்தாள். "யாருப்பா செத்துப்போனது?"

பின்னால் திரை வெளிச்சம் பாரிமாவின் கழுத்தில் விழுந்தது. திரும்ப வேண்டியதில்லை. வளையத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் முகம் எது என்று அவனுக்குத் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் போட்டோக்களிலிருந்து அவன் கைக்கு முதலில் வந்த படம் பானினுடையது இல்லை. இடது புருவத்தில் தழும்பு இருந்தது அதில். பானின்தான் ஆரஞ்சுக் கையாலேயே அவன் மணிக்கட்டில் அடித்தாள். "ஐயோ அப்பா, காக்ராவையா வைக்கிறே? பயந்தாங்கொள்ளி, பார்த்தா மூணு நாள் தூங்க மாட்டா. தள்ளு. என்னைப் போடு." மௌசைப் பிடுங்கித் தங்கையை வெளியே எடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே, தன்னை அந்த வளையத்துக்குள் வைத்தாள்.

சுவர் விசையில் விரல் பட்டபோது அது பாரிமாவுக்கு ஞாபகம் இருந்தது.